உதடு ஒட்டாத சொல்

அந்த டப்பிங் ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். காரணம் உறவல்ல, தொழில். வெளிநாட்டிலிருந்து தேவதைக் கதை என்று ஒரு கார்ட்டூன் படம் வந்தால் அதில் ஒரு கொடுமைக்காரச் சித்தி இல்லாமல் இருப்பாளா? இருபத்திரண்டு வருடங்களாக அத்தனை சித்திகளுக்கும் தமிழில் வாயாக இருந்தவள் அவள்தான்.

அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் மைக்கில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. ஒருநாள் வரிசையை மீறிப் புகுந்த ஓர் ஆசாமியை, மைக்கை அணைக்க மறந்து, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். மூன்று மாடிக்கும் கேட்டது. பல்வலியோடு காத்திருந்த டப்பிங்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து, இதே மாதிரி ஒரு படத்தில் திட்ட முடியுமா என்று கேட்டார். திட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போனாள். அன்றைக்குப் போனவள் திரும்பவில்லை.

பனி பெய்கிற நாட்டுப் படத்தில் சித்தி கத்துவாள். ஒரு நாள் பேசினால் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொள்ளும். தீவு நாட்டுப் படத்தில் சித்தி குரலை உயர்த்தவே மாட்டாள். இடுப்பை வளைத்து வணங்கி, மூத்தாள் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துத்தான் காட்டுக்கு அனுப்புவாள். அந்த மெல்லிய குரலைப் பேசி முடித்தால் அவளுக்கே தன்மேல் பயம் வரும். பாலைவன நாட்டுச் சித்தி பாட்டுப் பாடியே ஆளைக் கவிழ்ப்பாள். சாவும் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் கல்லாகிப் போவாள், ஓரிடத்தில் கிணற்றில் விழுவாள், ஓரிடத்தில் குதிரை வாலில் கட்டி இழுப்பார்கள். தீவுக்காரர்கள் மட்டும் போனால் போகிறது என்று மன்னித்து அரண்மனை அடுப்படியில் விட்டுவிடுவார்கள். இதுவரைக்கும் பதினேழு தடவை செத்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்புக்கு அடியில் எரிச்சல் இருந்தது. முக்கியமாக அந்த அப்பாக்கள் விஷயத்தில். எந்த நாட்டுக் கதையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் அப்பன். கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதும் அவன்தான், அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வருவதும் அவன்தான். ஆனால் சாபமெல்லாம் வீட்டில் நிற்கிற அவளுக்கு. அப்பாக்களுக்குக் குரல் கொடுக்கிறவர் படம் முழுக்க நாலு பெருமூச்சு விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். எந்த நாட்டிலும் அந்த மனுஷனுக்கு வாயே கிடையாதா என்று அவள் கேட்பாள். சவுண்ட் இன்ஜினியர் சிரிப்பார். எத்தனை தடவை பேசினாலும் திருப்தியே வராத மனிதர், அதனால் அவருக்கு ஒன்ஸ்மோர் என்று பெயர்.

ஒன்ஸ்மோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் வீட்டிலும் சித்திதான்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனவள் அவள். அப்போது அவர் மகளுக்கு மூன்று வயது. முதல் மனைவி காய்ச்சலில் செத்துப்போனதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் இவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். செத்தெல்லாம் போகவில்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று போனவள் வரவில்லை. பிறகு விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தாள், பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது மகளுக்கு எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். இவளும் இளகிப் போய் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. கூடத்துச் சுவரில் அந்த முதல் மனைவியின் படம். எங்கேயோ மூன்றுவேளையும் தின்றுவிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறவளுக்கு இங்கே செத்தவள் என்ற மரியாதை! வாராவாரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறவள் இவள். பிள்ளைக்கு ஜுரம் வந்தால், பாவம், பெத்தவ இல்லாத பிள்ளை என்று பக்கத்து வீட்டார் உச்சுக்கொட்டுவார்கள். இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு இவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். பிள்ளையை ஓர் அடி அடித்துவிட்டால் போதும், மாற்றாந்தாய் புத்தி காட்டிட்டா பாரு. அடிக்காமல் விட்டால், அவளுக்கென்ன அக்கறை, சொந்தமா? உண்மை நாக்கு நுனி வரைக்கும் வரும். மென்று விழுங்குவாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் ஊர் ஒரு காரணம் சொன்னது.

மகள் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். பதினைந்து வயதில் ஒரு மாதம் மட்டும் பிசாசு பிடித்ததுபோல் ஆடினாள். தட்டை விட்டெறிந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள், நீங்க ஒண்ணும் எனக்கு அம்மா இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வயசுக் கோளாறு என்று இவள் அதையும் விழுங்கினாள். பிறகு அது தானாகவே அடங்கிவிட்டது.

அந்த மகளுக்கு இப்போது இருபத்தைந்து. படித்து முடித்து, சித்தி பின்னாலேயே ஸ்டுடியோவுக்கு வந்து, ஒரு வசனகர்த்தாவிடம் நாலு வருடம் எடுபிடியாக இருந்தவளுக்கு, இந்த முறைதான் ஒரு படம் தனியாகக் கிடைத்தது. திரையில் முதன்முதலாகத் 'தமிழ் வசனம்' என்று அவள் பெயர் வரப்போகிறது. அந்த ஒரு வரிக்காகப் பெண் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சித்தி கதையே கேட்கவில்லை. ஸ்டுடியோவில் வசனத் தாளைக் கொடு, அங்கே பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் கேட்டால் தெரிந்த ஆளுக்குச் சலுகை என்பார்கள் என்று சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

படம் ஒரு மலைநாட்டுப் படம். பஞ்ச காலம். அண்ணன் தங்கை இருவரையும் வீட்டுக்காரி காட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறாள். கிட்டத்தட்ட இதே கதையைப் பனிநாட்டுக்காரர்கள் எடுத்து அவள் பேசியிருக்கிறாள், தீவுக்காரர்கள் எடுத்தும் பேசியிருக்கிறாள். அரைத்த மாவுதானே என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்ஸ்மோரும் மகளும். குழந்தைக் குரல்களை முந்தின வாரமே பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது காட்சியில் அவளுக்கு இடித்தது. காட்டுக்குள் நிற்கிற சின்னப்பெண் திரும்பிக் கூப்பிடுகிறாள். ஹெட்ஃபோனில் தமிழில் சித்தி, சித்தி என்று அழுகை. திரையிலோ அந்தக் குழந்தையின் உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. சொல்லிப் பாருங்கள், சித்தி என்றால் உதடு ஒட்டாது. டப்பிங்கில் முதல் பாடமே அதுதான், திரையில் உதடு மூடினால் தாளில் ப வேண்டும் அல்லது ம வேண்டும். பனிநாட்டுப் படத்திலும் தீவுப் படத்திலும் சித்தி கச்சிதமாகப் பொருந்தியது அவளுக்கு நினைவிருந்தது. இதில் ஏன் இடறுகிறது? அந்த மலைநாட்டு மொழி அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஒரு குழந்தை உதட்டை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டே யாரைக் கூப்பிடும் என்று கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டுமா?

பேசுவதை நிறுத்திவிட்டு, படத்தோடு வந்த ஆங்கிலத் தாளைக் கேட்டு வாங்கினாள். மகள் தயங்கித்தான் கொடுத்தாள். கதாபாத்திரங்களின் பட்டியலில் இரண்டாவது வரி, 'மதர்'. பனிநாட்டுத் தாளில் 'ஸ்டெப்மதர்' என்று இருந்த இடத்தில் இங்கே வெறும் 'மதர்'. பக்கத்திலேயே ஒரு குறிப்பு, இருவரையும் பெற்றவள், வயது முப்பது. சித்தி என்று ஒருத்தி அந்தப் படத்திலேயே கிடையாது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினாள். தமிழில் படம் ஆரம்பிக்கும்போதே கதைசொல்லியின் குரல் பெற்றவளைக் கொன்றுவிட்டிருந்தது. கதைசொல்லிக்குத் திரையில் உதடு இல்லை, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கடைசிக் காட்சியில் பிள்ளைகள் உயிர்பிழைத்து வீடு வந்து சேர்கிறார்கள். மூலப் படத்தில் அந்தத் தாய் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இந்த நாட்டுப் படத்தில் கல்லும் இல்லை, கிணறும் இல்லை, மன்னிப்பும் இல்லை. யாரும் ஒன்றும் பேசுவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு முடிவை அவள் பார்த்ததில்லை. ஆனால் முதுகு காட்டினால் வசனகர்த்தாவுக்குக் கொண்டாட்டம், வாய் தெரியாதே. தமிழ்த் தாளில் அந்த முதுகுக்கு மகள் சொந்தமாக ஒரு வசனம் எழுதியிருந்தாள்.

"பெத்தவளா இருந்தா விட்டுட்டு வந்திருப்பேனா?"

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அடிப்பாவி, யார் யாரை விட்டுவிட்டு வந்தது? யாரோ ஒரு வசனகர்த்தா எழுதியிருந்தால் இன்னொரு சாவு என்று பேசிவிட்டுப் போயிருப்பாள். இதை எழுதிய கைக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவள் ஊட்டிய சோற்றைத் தின்று, அவள் பின்னிய சடையோடு பள்ளிக்கூடம் போனவள், ஒரு நல்ல தாளில், நிறுத்தி நிதானமாக, பெற்றவள் செய்ததை இவள் தலையில் கட்டி, அதை இவள் வாயாலேயே சொல்லவும் வைக்கப் பார்க்கிறாள்!

கூண்டைவிட்டு வெளியே வந்து, டீ குடித்துவிட்டு வரும்படி ஒன்ஸ்மோரிடம் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்த ஒன்ஸ்மோர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை, எழுந்து போனார்.

ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். மகள் தொழில் பேசினாள். அம்மா பிள்ளைகளைக் காட்டில் விட்டால் நம் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று தியேட்டரில் சத்தம் போடுவார்களாம். படத்தை வாங்கிய முதலாளியும் அதையே சொன்னாராம், சித்தி என்றால் கேள்வியே வராது என்று.

கேள்வியே வராது! அதைக் கேட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிதானமும் போய்விட்டது. ஜனங்களை விடு, நாற்பது இடத்தில் அம்மாவை அடித்துவிட்டுச் சித்தி என்று எழுதினாயே, ஓர் இடத்திலாவது உனக்குக் கை கூசவில்லையா என்று கத்தினாள். பனிநாட்டுச் சித்தி தோற்றாள். ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது யார், உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டது யார், இந்த வேலைக்குச் சொல்லி வைத்தது யார் என்று வரிசையாகக் கேட்டாள். சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருடம் மூட்டை கட்டி வைத்ததெல்லாம் அவிழ்ந்து கொட்டியது. கொட்டிக்கொண்டு வரும்போதே அந்த வாக்கும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. உங்கம்மா யார் தெரியுமாடி என்று ஆரம்பித்தவள், வீட்டுச் சுவரில் தொங்கும் படம் கண்முன் வர, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

மகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சித்தி. சாகலைன்னு தெரியும்."

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதைத் தேடும்போது அப்பாவின் அலமாரியில் விவாகரத்துக் காகிதம் கிடைத்தது. அதில் ஒரு முகவரி. யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறிப் போனாளாம். கதவைத் திறந்த பெண் படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பருமன். பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தன. யார் வேணும் என்று அவள் கேட்டாள். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாளாம். கதவு சாத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அந்த ஒரு மாதம் தட்டு பறந்தது அதனால்தான்.

பத்து வருடமாக இந்தப் பெண்ணுக்குத் தெரியும். பத்து வருடமாக இவள் அந்தப் படத்தைத் துடைத்து மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பெண் அந்த வாசலில் நின்றதை நினைத்தால் அந்தக் கதவையே உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் இரக்கத்தைத் தள்ளிக்கொண்டு கோபம்தான் முன்னால் வந்து நின்றது.

"எல்லாம் தெரிஞ்சுமாடி என் தலையில எழுதின?"

"அவங்களை எழுத வரலை. அம்மான்னு எழுதினா அந்தக் கதவுதான் ஞாபகம் வருது." மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல போட்டா நீங்க தாங்கிப்பீங்கன்னு இருந்தது."

தாங்கிப்பீங்க. அவளுக்கு அப்போதுதான் எல்லா நாட்டுப் படமும் ஒன்றாகப் புரிந்தது. போனவள் மேல் பழி போட முடியாது, அவள் கைக்கு எட்ட மாட்டாள். அப்பன் மேல் போடவும் மனசு வராது. வீட்டில் மிஞ்சி நிற்கிறவள் யார்? அவள் மேல் போடு. அவள்தான் எங்கேயும் போக மாட்டாளே! பனிநாட்டுக்காரன் ஆனால் என்ன, தீவுக்காரன் ஆனால் என்ன, இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதில் அந்த மலைநாட்டுக்காரன் ஒருத்தன்தான் முதுகெலும்போடு பெற்றவளைப் பெற்றவள் என்றே காட்டியிருக்கிறான். அதையும் இவள் வீட்டுப் பெண் திருத்திவிட்டாள்.

"தாங்கினது போதும்," என்றாள். "நான் இதைப் பேச மாட்டேன். செத்தாலும் பேச மாட்டேன். நீ அம்மான்னு எழுதினா அந்தப் பொம்பளையைப் பேசறேன், அவ செஞ்சதை அவளாவே நின்னு பேசறேன். சித்தின்னு எழுதினா வேற ஆளைப் பாத்துக்கோ."

தான் என்ன கேட்டிருக்கிறோம் என்று சித்திக்குத் தெரியும். முதலாளி ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். பெண்ணின் முதல் படம், முதல் பெயர், இரண்டு மாதப் பட்டினி, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. மகள் சித்தி என்றே விட்டுவிட்டால் குற்றம் சொல்லவும் முடியாது. குற்றம் சொல்லாமல் இருக்கவும் முடியாது. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை.

மகள் பேனாவை எடுத்துக் கடைசிக் காட்சியின் அந்த வசனத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு சித்தியாக அடித்து மேலே அம்மா என்று எழுத ஆரம்பித்தாள். ஆறாவது இடத்தில் பேனா நின்றது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் மறுபடி எழுதினாள். சித்தி உதவவில்லை. உதவவும் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒன்ஸ்மோர் திரும்பி வந்து தாளைப் பார்த்தார். இதை அவர் முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியாது, குழந்தைக் குரல்களை எல்லாம் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். போன் போட்டு மகள் கையில் கொடுத்தார். முதலாளி கத்துவது பக்கத்தில் நின்ற சித்திக்கே கேட்டது. யாரைக் கேட்டு மாற்றினாய், தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற படம், அம்மாவைக் கொடுமைக்காரியாகக் காட்டினால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், பழையபடியே பேசி முடிக்கச் சொல். அந்தப் பெண்மணிக்குப் பேசக் கஷ்டமாக இருந்தால் நாளைக்கே வேறு குரல் அனுப்புகிறேன். உன் பெயர் திரையில் வர வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்.

மகள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் சார். வேற குரல் வச்சுப் பேசினாலும் என் பேரைப் போடாதீங்க. எங்கம்மாவுக்கு எதிரா நான் எழுத மாட்டேன்."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கம்மாவுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் கேட்டுக்கொண்டேயிருந்தார். புரிய வேண்டியவளுக்குப் புரிந்தது. சித்தி சட்டென்று திரும்பி, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தன் கைப்பையை எடுத்தாள். எடுக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படம் ஒரு மாதத்தில் வேறு ஒருத்தியின் குரலில் வெளியே வந்தது. சித்தியாகத்தான் வந்தது. வசனத்துக்கு வேறு யாரோ பெயர். ஜனங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன் பேசிய அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கும்போது அவள் மகளைப் படிக்குப் படி திட்டிக்கொண்டே வந்தாள். முதல் படத்தை இப்படியா தூக்கி எறிவது, புத்தி இருக்கிறதா, நான் ஆயிரம் சொல்வேன், கத்துவேன், அது என் தொழில், அதற்காகப் பிழைப்பையே விடுவாயா, இனி எந்த ஸ்டுடியோவில் உன்னை உள்ளே விடுவார்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டாள். மகள் அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, சரி சித்தி, சரி சித்தி என்று பின்னாலேயே வந்தாள். அந்த வார்த்தையை மாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை.